கனத்த லென்ஸுக்கு இரண்டு கம்பி

தீர்த்தமலை,
14 ஆகஸ்ட் 1938

மாமா அவர்களுக்கு ராஜாமணியின் வணக்கம். நீங்களும் அத்தையும் சின்னபொண்ணும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எண்ணெய் தேய்த்துத் தேய்த்து ஒன்றும் ஆகாது, டாக்டரிடம் காட்டுங்கள் என்று போன வருஷமே சொன்னேன்.

சேலத்திலிருந்து கம்பெனி என்னை இங்கே அனுப்பிவிட்டது. மாசித் தேரன்று மலைப்படியில் ஏறுகிற ஜனங்களைப் படம் பிடிக்க வேண்டும் என்று டைரக்டருக்கு ஆசை. ஜனங்களுக்குத் தெரியாமல் எடுக்க வேண்டுமாம், தெரிந்தால் நின்று பல்லைக் காட்டுவார்களாம். கோயில்காரர்களும் காமிரா படிப் பக்கம் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே எதிரே இருக்கிற கரட்டுக் குன்றின்மேல் காமிராவை வைத்து, அங்கிருந்து எடுக்க வேண்டும். இதற்காகவே பம்பாயிலிருந்து தூரத்து லென்ஸ் ஒன்று வாங்கியிருக்கிறார்கள்.

லென்ஸ் முழங்கை நீளம். கனமோ கனம். காமிராவின் மூக்கில் அதைத் திருகினால் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்கிறது. கரட்டின்மேல் காற்று சும்மா இருப்பதில்லை. இந்தப் பக்கம் மயிரிழை அசைந்தால் படத்தில் மலையே ஆடுகிறது. லென்ஸைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றார்கள். அடியில் கம்பி கொடுத்துத் தாங்கினால் நிற்கும் என்று நான் சொன்னேன். "சொன்னவனே செய்யட்டும்" என்று பழைய காமிரா ஒன்றையும் லென்ஸையும் கொடுத்து என்னை இங்கே உட்கார வைத்துவிட்டார்கள். மாசிக்குள் நிற்க வைக்க வேண்டும். நின்றால் காமிராப் பகுதியில் எனக்கு நிரந்தர வேலை. நிற்காவிட்டால் பழையபடி பட்டறையில் லேத் முன்னால் நிற்க வேண்டியதுதான்.

அடிவாரத்துச் சத்திரத்தில் ஓர் அறை. சமையலுக்கு ஓர் ஆள் வருகிறான், உப்பு என்று ஒன்று இருப்பது அவனுக்குத் தெரியாது. பேச ஒருவரும் இல்லை. கம்பி எப்படி வரும் என்று அடியில் படம் போட்டிருக்கிறேன். புரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அத்தைக்கும் என் வணக்கம்.

ராஜாமணி

*

மாரண்டஹள்ளி,
வெகுதானிய வருஷம், ஆவணி 10

சிரஞ்சீவி மாப்பிள்ளை ராஜாமணிக்கு மாமன் பெரியண்ணன் ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும். வழக்கம்போல் நான் சொல்லச் சொல்லச் சின்னபொண்ணு எழுதுகிறாள்.

ராகி பயிர் நன்றாக இருக்கிறது. நிலக்கடலைக்கு இன்னும் ஒரு மழை வேண்டும். முழங்கால் அப்படியேதான்.

ஒரு விஷயம். காரிமங்கலத்திலிருந்து சின்னபொண்ணைப் பெண் கேட்டு வந்தார்கள். பையன் பெயர் குப்புராஜ். கிணற்றுப் பாசனம், ஒரே பிள்ளை. நான் "முறைக்காரன் இருக்கிறான், அவனைக் கேட்காமல் வாய் திறக்க மாட்டேன்" என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பையனின் அப்பா போகும்போது, "சினிமாக்காரனா? அந்தக் கொட்டகைப் பக்கமே நாங்க போறதில்லீங்க" என்று ஒரு மாதிரி சிரித்துவிட்டுப் போனார். எனக்குப் பிடிக்கவில்லை. உன் தாய் இருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. அவள் என் தங்கை, கையைப் பிடித்துப் பெண்ணை வாங்கிக்கொண்டு போயிருப்பாள். நீ ஒரு நடை வந்து போ. சின்ன ரயிலில் ஏறினால் ஒரு நாள் வழிதானே.

இதற்குமேல் சின்னபொண்ணு தானாக எழுதுவது. நீங்கள் போட்ட படத்தில் லென்ஸ் உலக்கை மாதிரி இருக்கிறது. அடியில் இரண்டு கம்பி படுத்திருக்கிறது. ஒன்று போதாதா? அம்மா இதைப் பார்த்துவிட்டு, "எவனுக்குடி இந்தப் பாடை?" என்று கேட்டாள்.

உப்பு வேண்டுமென்றால் சமையல்காரரிடம் கேட்க வேண்டும். கேட்டால்தான் போடுவார்.

பெரியண்ணன்

*

தீர்த்தமலை,
5 செப்டம்பர் 1938

மாமா அவர்களுக்கு வணக்கம். எல்லோரும் சுகம் என்று அறிந்தேன். நானும் சுகம்.

முதலில் கம்பி விஷயம். அது பாடை இல்லை என்று அத்தையிடம் சொல்லுங்கள். ஒரு கம்பி ஏன் போதாது என்றால், ஒரு கம்பியின் மேல் வைத்த பாரம் பக்கவாட்டில் சுழலும். ஒற்றைக் கழியின் மேல் பூசணிக்காயை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கழி வைத்தால் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். காமிராவுக்கு அடியில் ஒரு பலகை. அதிலிருந்து முன்பக்கமாக இரண்டு கம்பி நீளுகிறது. கம்பிகளின் மேல் ஒரு தாங்கி. தாங்கியில் ஒரு வளையம், அதற்குள் லென்ஸ். பாரம் காமிராவின் மூக்கில் விழாமல் கம்பியில் இறங்கிவிடும். இவ்வளவுதான். கேட்டது நல்ல கேள்வி. கம்பெனியில் இருக்கிற பெரியவர்கள் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை.

எந்தக் கம்பி என்பதுதான் இப்போது சண்டை. பித்தளை துருப்பிடிக்காது, ஆனால் வளையும். உருக்கு வளையாது, ஆனால் கெட்டியாகப் போட்டால் இரண்டு ஆள் தூக்க வேண்டும். மரம் வைத்துப் பார்த்தேன். காலையில் ஒரு மாதிரி, மத்தியானம் ஒரு மாதிரி இருக்கிறது.

காரிமங்கலத்து விஷயம். அதில் பேச என்ன இருக்கிறது? சின்னபொண்ணு எனக்கு என்பது பிறந்தபோதே முடிவானதுதானே. யாராவது வந்தால் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். வேலை முடியட்டும், நிரந்தரம் ஆகட்டும், வருகிறேன். இப்போது வந்தால் காமிராவை யாரை நம்பி விட்டுவிட்டு வருவது?

ஒரு துண்டு பிலிம் எடுத்துச் சேலத்துக்குக் கழுவ அனுப்பியிருக்கிறேன். பதில் வருகிறவரை சும்மா உட்கார்ந்திருப்பதுதான் பெரிய தொல்லை. சாயங்காலமானால் குரங்குகள் வருகின்றன. அவைகளோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

ராஜாமணி

*

மாரண்டஹள்ளி,
புரட்டாசி 3

சிரஞ்சீவி ராஜாமணிக்கு ஆசீர்வாதம். க்ஷேமம். உன் க்ஷேமத்துக்கு மாரியம்மன் துணை.

உன் கடிதத்தை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். மனசு நிறைந்தது. ஆனால் மாப்ளே, கடிதத்தில் எழுதினால் ஆகிவிடுமா? நீ பத்து வயசிலேயே பட்டணத்து ஹாஸ்டலுக்குப் போனவன், உனக்கு நம் வழக்கம் தெரியாது. முறை என்றால் சும்மா வந்துவிடாது. முறைக்காரன் நேரில் வந்து, பெரியவர்கள் இரண்டு பேரோடு உட்கார்ந்து, வெற்றிலை வைத்து, "பெண்ணை எனக்குக் கொடுங்கள்" என்று வாயால் கேட்க வேண்டும். அப்போதுதான் நான் மற்றவர்களுக்கு இல்லை என்று சொல்ல முடியும். உன் அத்தை முனியம்மாள் சொல்கிறாள்: "கேக்க வர நேரமில்லாதவன், கட்டிக்கிட்டு வூட்டுல இருக்க மட்டும் நேரம் வெச்சிருக்கானா?" அவள் வாய் அப்படித்தான், நீ தப்பாக நினைக்காதே.

காரிமங்கலத்தார் மறுபடி ஆள் அனுப்பினார்கள். தீபாவளிக்குள் சொல்ல வேண்டுமாம்.

சின்னபொண்ணு எழுதுவது. பூசணிக்காயை இரண்டு கழியின்மேல் வைத்துப் பார்த்தேன். நின்றது. கழிகளை ரொம்பத் தள்ளி வைத்தபோது நடுவில் விழுந்து உடைந்துவிட்டது. அன்றைக்குப் பூசணிக்காய்க் குழம்பு. உங்கள் கம்பிகளுக்கு நடுவில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறீர்கள்? குரங்குகள் பதில் சொல்கின்றனவா?

அப்பா சொன்னதற்கும் பதில் எழுதுங்கள்.

பெரியண்ணன்

*

தீர்த்தமலை,
30 செப்டம்பர் 1938

மாமா அவர்களுக்கு வணக்கம். சுகம். அவசரமாக எழுதுகிறேன்.

சேலத்திலிருந்து பிலிம் துண்டு வந்தது. ஆடுகிறது. முன்னைவிடக் குறைவு, ஆனாலும் ஆடுகிறது. "என்ன தம்பி, மலைக்குக் குளிர் ஜுரமா?" என்று டைரக்டர் அதன்மேல் எழுதியிருக்கிறார். எனக்கு ரத்தம் கொதித்தது.

காரணம் கண்டுபிடித்துவிட்டேன். வளையத்தை நான் இறுக்கிப் பிடித்திருந்தேன். இறுக்கினால் கம்பியின் நடுக்கம் லென்ஸுக்குள் ஏறுகிறது. லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்திப் படத்தைத் தெளிவாக்கும்போது வளையம் அதைப் பிடித்து இழுக்கிறது. தளர்த்தினால் லொடலொட என்கிறது. உள்ளே மெத்தென்று எதையாவது கொடுக்க வேண்டும். கம்பிக்கும் வழி கிடைத்துவிட்டது. அரூரில் ஓர் உடைந்த சைக்கிள் வாங்கி அதன் குழாய்களை அறுத்துக்கொண்டேன். குழாய் என்பதால் கனமில்லை, உருக்கு என்பதால் வளைவதுமில்லை. இடைவெளி மூன்று விரற்கடை, லென்ஸின் அகலத்தில் பாதிக்குக் கொஞ்சம் கூட. இடைவெளி அதற்குமேல் போனதால்தான் பூசணிக்காய் விழுந்தது.

நேரில் வந்து வெற்றிலை வைக்க வேண்டும் என்பதெல்லாம் ஊருக்குச் செய்கிற சடங்கு. நீங்கள் என் தாய்மாமன். உங்களுக்கும் எனக்கும் நடுவில் எதற்கு இரண்டு பெரியவர்கள்? மாசி முடிந்ததும் வந்து எத்தனை தட்டு வேண்டுமானாலும் வைக்கிறேன். அதுவரை கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

குரங்குகள் பதில் சொல்வதில்லை. கேள்வியும் கேட்பதில்லை.

ராஜாமணி

*

மாரண்டஹள்ளி,
ஐப்பசி 1

சிரஞ்சீவி ராஜாமணிக்கு ஆசீர்வாதம். சுகத்துக்கு எழுதவும்.

இந்தக் கடிதத்தை நிதானமாகப் படி. தீபாவளிக்கு முந்தின நாள் மாதையனை உன்னிடம் அனுப்புகிறேன். நம் நிலத்தில் வேலை பார்க்கிற மாதையன்தான், நீ பார்த்திருக்கிறாய். அவன் கையில் புது வேட்டியும் வெற்றிலை பாக்கும் கொடுத்திருக்கிறேன். பெண்ணை வேறு இடத்தில் கொடுப்பதாக இருந்தால், முறைக்காரனுக்கு முதலில் வேட்டி கொடுத்து அவன் வாயால் சம்மதம் கேட்பது நம் வழக்கம். "வாங்கிக்கறீங்களா" என்று மூன்று தரம் கேட்பான். அதற்குமேல் அவன் ஒன்றும் பேசக் கூடாது. நீ வாங்கிக்கொண்டால் பெண்ணின் மேல் உனக்கு இருக்கிற முறையை விட்டுக்கொடுத்துவிட்டாய் என்று அர்த்தம். உனக்கு அவள் வேண்டுமென்றால் அதைத் தொடாதே. அப்படியே திருப்பி அனுப்பு. மாதையன் வெறும் கையோடு வராமல் வேட்டியோடு திரும்பி வந்தான் என்றால், காரிமங்கலத்தாரை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வராவிட்டாலும் பரவாயில்லை. வழக்கத்தை மீறாமல் உனக்காக நான் செய்யக்கூடியது இது ஒன்றுதான்.

பெரியண்ணன்

அப்பா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிவிட்டேன். இதை நான் எழுதுவது எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது. இன்றைக்குக் கேள்வி ஒன்றும் இல்லை.

*

தீர்த்தமலை,
24 அக்டோபர் 1938

மாமா அவர்களுக்கு வணக்கம். அனைவருக்கும் தீபாவளி நல்லபடியாக நடந்திருக்கும். உங்களிடமிருந்து கடிதம் இல்லை. ஆற்றில் வெள்ளம், ஒரு வாரமாகத் தபால் வரவில்லை.

மாதையன் எப்படியோ சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். நீங்கள் தீபாவளிக்கு அனுப்பிய வேட்டி கிடைத்தது. சந்தோஷம். ஆனால் இந்த மாதிரி ஆளை எதற்கு இவ்வளவு தூரம் அனுப்புகிறீர்கள்? நான் கரட்டின்மேல் பரண் கட்டி, லென்ஸின் அடியில் தலையை விட்டுக்கொண்டு, ஸ்குருவைப் பல்லில் கடித்துக்கொண்டிருக்கிறேன். அவன் கீழே நின்று, "தம்பி, மாமன் குடுத்தனுப்புனாரு. வாங்கிக்கறீங்களா?" என்றான். "வெச்சிட்டுப் போங்க" என்றேன். வைக்கவில்லை. நின்றான். மறுபடி, "வாங்கிக்கறீங்களா?" என்றான். "அதான் சொன்னேனே!" என்றேன். ஆள் நகரவில்லை. முகத்தை வேறு என்னவோபோல வைத்துக்கொண்டு, "நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்க தம்பி, வாங்கிக்கறீங்களா?" என்று மூன்றாம் தரம் கேட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு, "ஒரு வேட்டிக்கு எத்தன தரம்யா கேப்பே? வாங்கிக்கிட்டேன், வாங்கிக்கிட்டேன், வாங்கிக்கிட்டேன்னு போய்ச் சொல்லு!" என்று கத்தினேன். வேட்டியையும் வெற்றிலையையும் பாறைமேல் வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான். பெரியவரிடம் கத்தியிருக்க வேண்டாம். நான் வருத்தப்பட்டதாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கோபித்துக்கொள்ளாதீர்கள். வளையத்துக்குள் கொடுக்க மெத்தென்ற துணி தேடிக்கொண்டிருந்தேன் அல்லவா? உங்கள் வேட்டி நல்ல நெசவு. ஒரு முழம் கிழித்து நாலாக மடித்து உள்ளே வைத்தேன். லென்ஸ் உட்கார்ந்துவிட்டது மாமா. காற்று அடிக்கிறது, மலை நிற்கிறது. இன்னொரு துண்டு பிலிம் அனுப்பியிருக்கிறேன். இந்தத் தரம் நிச்சயம்.

சின்னபொண்ணுவிடம் சொல்லுங்கள்.

ராஜாமணி

*

தீர்த்தமலை,
3 நவம்பர் 1938

மாமா அவர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி முதல் தேதிக் கடிதம் இன்றைக்குக் கிடைத்தது. வெள்ளம் வடிந்து எல்லாத் தபாலும் ஒன்றாக வந்தது. அதே கட்டில் சேலத்துக் கடிதமும் இருந்தது. அதைத்தான் முதலில் பிரித்தேன். படம் ஆடவில்லையாம். டைரக்டரும் காமிராமேனும் வெள்ளிக்கிழமை இங்கே வருகிறார்கள். அந்தச் சந்தோஷத்தோடு உங்கள் கடிதத்தைப் பிரித்தேன்.

நான் வாங்கிக்கொண்டது வேட்டி. பெண்ணை விட்டுக்கொடுக்கவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றுக்கு நான் எப்படிச் சம்மதம் சொன்னவன் ஆவேன்? மாதையன் ஒரு வார்த்தை விளக்கியிருந்தால் வேட்டியை அவன் தலையிலேயே கட்டி அனுப்பியிருப்பேனே. மூன்று தரம் கேட்பானாம், மேலே பேசக் கூடாதாம்! இது என்ன வழக்கம்? தபால் வராததற்கு நானா பொறுப்பு?

வேட்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று எடுத்தேன். ஒரு முழம் குறைகிறது.

காரிமங்கலத்தாரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். நான் வருகிறேன். வெள்ளிக்கிழமை இவர்கள் வருகிறார்கள், நான் இல்லாமல் லென்ஸை மாட்ட ஒருவருக்கும் தெரியாது. பத்து நாள் பொறுங்கள். பத்தே நாள். இரண்டு பெரியவர்களுக்கு எங்கே போவது என்று தெரியவில்லை, சத்திரத்துக்காரரையாவது கூட்டிக்கொண்டு வருகிறேன்.

உங்கள் கடிதங்களை எழுதுகிறவள் சின்னபொண்ணு என்பதால் இதைப் படிக்கிறவளும் அவள்தான் என்று தெரியும். அவளிடம் தனியாகச் சொல்ல ஒன்றும் எழுதத் தெரியவில்லை. கேள்வி ஏதாவது இருந்தால் கேட்கச் சொல்லுங்கள்.

ராஜாமணி

*

தீர்த்தமலை,
12 டிசம்பர் 1938

மாமா அவர்களுக்கு வணக்கம். எல்லோரும் சுகம்தானே?

பதில் இல்லை. பத்து நாளில் வருவதாக எழுதினேன், வரவில்லை. டைரக்டர் வந்தவர் காட்டுக் காட்சிகளையும் இங்கேயே எடுக்க ஆரம்பித்துவிட்டார். தினமும் நாளைக்கு முடியும் என்கிறார். நானும் நாளைக்கு, நாளைக்கு என்று இருந்துவிட்டேன்.

கம்பிகளைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் மெச்சுகிறார்கள். இரண்டு ஏன், ஒன்று போதாதா என்று யாரும் கேட்பதில்லை. நானே சொல்ல ஆரம்பித்தாலும், "சரி, சரி, நிக்குதில்ல" என்று போய்விடுகிறார்கள்.

ஒரு வரி போடுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

ராஜாமணி

*

மாரண்டஹள்ளி,
தை 29

அன்புள்ள திரு. ராஜாமணி அவர்களுக்கு,

தங்கள் மாமா சொல்ல, பள்ளிக்கூடத்து ஆசிரியை லூர்துமேரி எழுதுவது. இங்கு யாவரும் நலம். தங்கள் நலமறிய ஆவல். மாமா சொல்வது பின்வருமாறு:

மாப்ளே, இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபம் காரணம் இல்லை. எழுதுகிறவளிடம் எதைச் சொல்லி எழுதச் சொல்வது? உன் கடிதங்கள் மூன்றையும் அவள்தான் படித்துக் காட்டினாள். நிறுத்தாமல் படித்தாள். படித்துவிட்டு, வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விட்டாள்.

மாதையன் திரும்பி வந்து சபையில் சொன்னபோது காரிமங்கலத்தார் உட்கார்ந்திருந்தார்கள். "மூணு தரம் கேட்டேன், மூணு தரமும் வாங்கிக்கிட்டேன்னாருங்க" என்றான். அவன் கண்ணில் தண்ணீர். நான் என்ன செய்வேன்? அப்புறம் உன் கடிதம் வந்தது. காரிமங்கலத்தாரிடம் போய்ச் சொன்னேன். நல்லவர்கள். "முறைக்காரன் நேர்ல வந்து தெரியாம வாங்கிட்டேன்னு சொன்னா, நாங்க எந்திரிச்சிக்கறோம்ங்க" என்றார்கள். நீ பத்து நாள் என்றாய். நான் கார்த்திகை முழுக்கப் பார்த்தேன். ரயில் வருகிற நேரத்துக்கெல்லாம் உன் அத்தை வாசலில் நின்றாள், உன்னைத் திட்டிக்கொண்டே நின்றாள்.

தை பத்தாம் தேதி கல்யாணம் முடிந்தது. உனக்குப் பத்திரிகை அனுப்பவில்லை. நீ வந்து பந்தலில் நின்றால் என்னால் தாங்க முடியாது.

குப்புராஜ் பதவிசான பையன். அவளை நன்றாக வைத்துக்கொள்கிறான். மாசித் தேருக்கு இரண்டு பேரும் தீர்த்தமலைக்கு வருகிறார்கள், வேண்டுதல். கூட்டத்தில் புதுசாக வருகிறவர்கள், நீ அங்கே இருப்பவன். கூட இருந்து தரிசனம் செய்து வை. இதை உன்னிடம் கேட்பது நியாயமில்லை. ஆனால் வேறு யாரைக் கேட்பேன்?

இவ்வளவே மாமா சொன்னது. தங்கள் உடல்நலத்தைப் பேணிக்கொள்ளவும்.

இங்ஙனம்,
பெரியண்ணனுக்காக,
லூர்துமேரி

*

சேலம்,
26 மார்ச் 1939

மாமா அவர்களுக்கு ராஜாமணியின் வணக்கம். நீங்களும் அத்தையும் சுகமாக இருக்க வேண்டும். படித்துக் காட்டும் டீச்சரம்மாவுக்கும் வணக்கம்.

நீங்கள் சொன்னபடி அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தரிசனம் செய்து வைக்கவில்லை. தேரன்று கரட்டின்மேல் இருந்தேன். விடியற்காலையில் ஏறினவன் சாயங்காலம்தான் இறங்கினேன். வேலை இருந்தது என்று சொல்லலாம். இருந்தது. இல்லாவிட்டாலும் இறங்கியிருக்க மாட்டேன்.

படி முழுக்க ஜனம். காமிராமேன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார், லென்ஸைத் தெளிவாக்கிக்கொண்டு நான் பக்கத்தில் இருந்தேன். கூட்டத்தில் ஒவ்வோர் இடமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டே வந்தபோது சின்னபொண்ணு தெரிந்தாள். அரக்குச் சேலை. படி ஓரத்தில் உட்கார்ந்து பாதத்தைத் தூக்கிக் கல்லோ முள்ளோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் தோள் துண்டை விரித்து அவள் தலைக்கு நிழல் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் என்னவோ சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எதிர்க் கரட்டை ஒரு தரம் பார்த்தாள். அங்கே ஆள் இருப்பது அவளுக்குத் தெரிய வழியில்லை. வெறும் கண்ணுக்கு அந்தத் தூரத்தில் நாங்கள் பாறையோடு பாறை. நான் அவளை ஒரு சாண் தூரத்தில் பார்த்தேன்.

"நல்லா இருக்கு, ஓடட்டும், ஓடட்டும்" என்று டைரக்டர் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். ஓடியது. என் கை தன்னால் லென்ஸைத் திருகித் தெளிவாக்கியது. நெற்றி வியர்வைகூடத் தெரிந்தது.

போன வாரம் சேலத்தில் போட்டுப் பார்த்தார்கள். கம்பெனியில் இருக்கிற எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த இடம் வந்ததும் டைரக்டர் எழுந்துவிட்டார். "இந்தப் பெண் முகம்யா! இதுதான் படத்துக்கு ஆரம்பம். இதைப் பெரிசாகப் போட்டு, அதன்மேல்தான் பெயர்கள் வர வேண்டும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். காமிராமேன் என் முதுகில் ஒரு போடு போட்டார்.

படம் எல்லா ஊருக்கும் போகும் மாமா. காரிமங்கலத்துச் சந்தையில் கொட்டகை போட்டு ஓட்டுவார்கள். அவள் முகம் துப்பட்டி அகலத்துக்குத் தெரியும். ஊர்க்காரன் ஒவ்வொருவனும் காசு கொடுத்துப் பார்ப்பான். பீடிப் புகையில் உட்கார்ந்து விசில் அடிப்பான். கொட்டகைப் பக்கமே போகாத மாமனார் வீட்டில் அவள் மறுநாள் எப்படித் தண்ணீர் எடுக்கப் போவாள்? சினிமாக்காரன் முறை போன கோபத்தில் செய்த வேலை என்று சொல்ல எத்தனை பேர் வேண்டும்?

"ஆடுது சார்" என்றேன்.

"எங்கய்யா ஆடுது?" என்றார் டைரக்டர். மறுபடி போடச் சொன்னார். போட்டார்கள். "எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்றார்.

"இங்கே சின்ன திரை, தெரியாது. கொட்டகையில் பெரிசாகப் போட்டால் மூக்கும் கண்ணும் நடுங்கும். வளையம் தளர்ந்துவிட்டது. கம்பி போதவில்லை. தப்பு என்னுடையது" என்றேன்.

லென்ஸ் விஷயத்தில் என் வார்த்தைக்கு மேல் அங்கே வார்த்தை இல்லை. ஆகவே நம்பினார்கள். அந்த இடத்தைக் கத்தரித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். கூட்டமாகத் தெரிகிற இடங்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள். "ஏழு மாசம் மலையில உக்காந்து புடுங்கினது இதுதானா?" என்று முதலாளி கேட்டார். லென்ஸைப் பம்பாய்க்குத் திருப்பி அனுப்புகிறார்கள். கம்பிகளும் தாங்கியும் பழைய இரும்போடு கிடக்கின்றன. நான் திங்கட்கிழமையிலிருந்து லேத்தில் இருக்கிறேன். சத்தம் அதிகம், யாரோடும் பேச வேண்டியதில்லை.

அவளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். தேருக்கு நான் ஏன் வரவில்லை என்று அவள் கேட்டால், வேலை என்று சொல்லுங்கள். நம்புவாள்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். ஆடவில்லை மாமா. காற்று அன்றைக்குப் பேயாய் அடித்தது, பரண் கிறீச்சிட்டது, டைரக்டரின் தொப்பி பறந்து பள்ளத்தில் விழுந்தது. அவள் முகம் ஒரு மயிரிழை ஆடவில்லை.

முழங்காலை டாக்டரிடம் காட்டுங்கள்.

ராஜாமணி